எடைக்குப் போகும் வெள்ளிக் கற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் வீட்டில் கிடக்கும் அறுந்த கொலுசு, நசுங்கிய பன்னீர்ச் செம்பு, மூடி தொலைந்த குங்குமச் சிமிழ் ஆகியவற்றைக் கடைக்கு எடுத்துச் செல்வது நம் ஊர் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழைய வெள்ளியோடு சேர்ந்து, எக்காரணம் கொண்டும் உருக்கக் கூடாத ஒரு பொருளும் சென்னையின் உருக்குப் பட்டறைகளுக்குப் போகிறது என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். உலகின் பழைய சுரங்கங்களில், பெரும்பாலும் இன்று மூடிக் கிடக்கும் சுரங்கங்களில் எடுக்கப்பட்ட வெள்ளிக் கனிம மாதிரிகளைத்தான் சொல்கிறேன். நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இத்தகைய மாதிரிகளை நெடுங்காலமாகச் சேர்த்து வருபவன் என்ற முறையிலும், இவற்றைக் காப்பாற்ற இந்த நகரில் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மண்ணுக்கடியில் வெள்ளி எந்த உருவில் இருக்கிறது என்பதை நம்மில் பலர் பார்த்ததில்லை. இன்று உலகச் சந்தைக்கு வரும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றின் தாதுக்களிலிருந்து துணைப்பொருளாகப் பிரித்தெடுக்கப்படுவது. வெடி வைத்துத் தகர்த்து, ஆலையில் மாவாக அரைத்து, வேதிமுறையில் பிரிக்கும் அந்த வேலையில் ஒரு படிகம்கூட முழுதாக மனிதர் கைக்கு வருவதில்லை. உளியும் சுத்தியலுமாகத் தொழிலாளர்கள் பாறையைப் பிளந்த பழைய நாள்களில் நிலைமை வேறு. பாறை இடுக்கில் ஒரு சிறு குகை போலத் திறந்த பொந்தில் கம்பியாகவும் தகடாகவும் செடிக்கிளை போலவும் வெள்ளி தானாக வளர்ந்து நிற்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். சிலவற்றை உடைக்காமல் எடுத்தும் வைத்தார்கள். இன்று உலகின் அருங்காட்சியகங்களிலும் தனியார் பெட்டிகளிலும் இருப்பவற்றில் மிகச் சிறந்தவை அப்படி எடுத்து வைக்கப்பட்டவையே.

அவற்றுள் முதலிடம் நார்வே நாட்டுக் கோங்ஸ்பெர்க் சுரங்கங்களுக்கு உரியது. அங்கே 1623-இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டே நான்காம் கிறிஸ்தியான் மன்னர் அங்கு ஒரு நகரத்தை நிறுவினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 1950-களின் பிற்பகுதியில் நின்றுபோன அந்தச் சுரங்கங்கள் ஆயிரம் டன்னுக்கும் கூடுதலான வெள்ளியைத் தந்தன. சல்பைடு என்னும் கந்தகச் சேர்மங்கள் மிகுந்த பாறைப் பட்டைகளை, பாறை வெடிப்புகளில் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் படிந்து உண்டான நரம்புகள் குறுக்கே வெட்டும் இடங்களில்தான் அங்கு வெள்ளி படிந்திருந்தது. மற்ற இடங்களில் தோண்டியவர்களுக்கு வெறும் கல்லே மிஞ்சியது. அத்தகைய நரம்பொன்றிலிருந்து வந்த ஒரு சிறு மாதிரி என்னிடம் இருக்கிறது. வெண்மையான கால்சைட் துண்டின் ஓரத்திலிருந்து, கட்டை விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் கம்பி எழுந்து, பாதியில் வளைந்து, நுனியில் சுருண்டு நிற்கிறது. அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், ஓமப்பொடி அச்சிலிருந்து பிழிந்ததைப் போல அதன் நீளவாக்கில் நுண்ணிய கோடுகள் ஓடுவது தெரியும். கம்பி நுனியில் வளர்வதில்லை, அடியிலிருந்து தள்ளப்பட்டு வளர்கிறது என்பதற்கு அந்தக் கோடுகளே சான்று. கோங்ஸ்பெர்க் மாதிரிகள் பலவற்றில் வெள்ளியோடு பாதரசமும் கலந்திருக்கும். இதையெல்லாம் உருக்கினால் கிடைப்பது சில கிராம் வெள்ளி. அழிந்து போவது அந்த நரம்பு தன்னைப் பற்றிச் சொல்லும் அத்தனை செய்தியும்.

தனி வெள்ளியைவிடவும் என்னைக் கவர்ந்தவை செவ்வெள்ளிக் கனிமங்கள். வெள்ளியும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது புரூஸ்டைட். ஆர்சனிக்குக்குப் பதிலாக ஆன்டிமனி சேர்ந்தது பைரார்ஜைரைட். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் சஞார்சில்லோ என்னும் இடத்தில் 1832-இல் ஹுவான் கோதோய் என்பவர் வெள்ளியைக் கண்டெடுத்தார். அதனால் குவிந்த செல்வத்தால் கோபியாபோ நகரம் 1851-இலேயே கடற்கரைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டது. அந்தச் சுரங்கங்களிலிருந்து வந்த புரூஸ்டைட் படிகங்களுக்கு இணையானவை வேறெங்கும் கிடைக்கவில்லை என்பது கனிமம் சேர்ப்போரிடையே பொதுவான கருத்து. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கனிமத்தை முதன்முறை பார்ப்பவருக்கு அது கரிய உலோகத் துண்டாகவே தோன்றும். பின்னாலிருந்து ஒரு சிறு டார்ச் விளக்கைக் காட்டினால், விளிம்புகளில் மாதுளை முத்தின் சிவப்பு எழும். ஆனால் அந்த ஒளியே அதற்குப் பகையும் ஆகும். வெளிச்சத்தில் வைக்க வைக்கப் புரூஸ்டைட்டின் மேற்பரப்பு கறுத்து மங்கிவிடும். ஒருமுறை மங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது. எனவேதான் நல்ல அருங்காட்சியகங்கள் இதை இழுப்பறையின் இருட்டில் வைத்திருந்து, வேண்டியபோது மட்டும் வெளியே எடுக்கின்றன. வெள்ளியின் குளோரைடுக்கும் இதே பத்தியம் உண்டு. புகைப்படக் கலை பிறந்ததும் வெள்ளி உப்புகளின் இந்தக் குணத்தால்தான் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஒரு கல்லை எடுத்து வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஃப்ரைபெர்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கு 1168-இல் தொடங்கிய வெள்ளிச் சுரங்க வேலை, இடையில் நின்றும் தொடர்ந்தும், 1969 வரை நடந்தது. அவ்வூரில் 1765-இல் நிறுவப்பட்ட சுரங்கக் கல்விக்கழகம் இன்றும் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. ஊருக்கு அருகிலுள்ள ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் 1885-இல் வழக்கத்துக்கு மாறான ஒரு வெள்ளித் தாது கிடைத்தபோது, அதை உலைக்கு அனுப்பாமல் கல்விக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கனிமவியல் பேராசிரியராக இருந்த ஆல்பின் வைஸ்பாக் அது புதிய கனிமம் என்று கண்டு ஆர்ஜைரோடைட் எனப் பெயரிட்டார். அதைப் பகுத்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்றவர் வேதியியல் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்ளர். வெள்ளி இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று எத்தனை முறை கணக்கிட்டாலும் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு குறைந்துகொண்டே இருந்தது. தன் கைப்பிழை என்று அதை ஒதுக்கிவிடாமல் அவர் மாதக்கணக்கில் தேடினார். 1886 பிப்ரவரியில் அந்தக் குறைந்த பங்கு ஒரு புதிய தனிமம் என்று கண்டார். அதுவே ஜெர்மேனியம். தனிம வரிசை அட்டவணையில் சிலிக்கானுக்குக் கீழே, அணு எடை ஏறத்தாழ 72 உள்ள ஒரு தனிமம் இருந்தே தீர வேண்டும் என்று ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1871-இல் எழுதி வைத்திருந்தது அந்தக் கல்லால் மெய்யாயிற்று. முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மேனியத்தால் ஆனது. ஹிம்மெல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்து ஆட்கள் அந்தத் தாதுவை எடை போட்டு உலையில் கொட்டியிருந்தால், அந்த ஆண்டுக் கணக்கில் சிறிதளவு வெள்ளி கூடியிருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அந்தக் கல் பயன்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தச் சுரங்கத்தில், எந்த நரம்பில், எந்த ஆண்டு எடுத்தது என்பது அதனுடனேயே வந்தது. கனிமம் சேர்ப்போர் கல்லுக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியை அதன் அடியிலிருக்கும் சீட்டுக்குக் கொடுப்பது இதனால்தான். பழைய சீட்டுகளில் சுரங்கத்தின் பெயர், நிலத்தடி மட்டம், வாங்கிய ஆண்டு, முன்பு வைத்திருந்தவர் பெயர் எல்லாம் கறுத்த மையில் எழுதப்பட்டிருக்கும். ஒரு சீட்டின் மேல் அடுத்தவர் தம் சீட்டை ஒட்டாமல், இரண்டையும் மடித்துச் சேர்த்து வைப்பது இத்துறையின் நன்னெறி. கல்லின் மூலையில் வெள்ளை வண்ணப் பொட்டு வைத்து அதன் மேல் எண் எழுதுவதும் இதற்காகவே. சீட்டு தவறினாலும் எண்ணைக் கொண்டு பதிவேட்டில் தேடிவிடலாம். சீட்டு இல்லாத கம்பி வெள்ளியை இப்போது யாரும் எளிதில் நம்புவதில்லை. வெள்ளி சல்பைடைத் தக்கபடி சூடாக்கினால் அதிலிருந்து வெள்ளிக் கம்பிகள் முளைத்து வரும்; இது ஆய்வகத்தில் நன்கு அறியப்பட்ட உண்மை. அப்படிப் பட்டறையில் வளர்த்த கம்பியைச் சுரங்கத்தில் விளைந்தது என்று சொல்லி விற்பவர்களும், உண்மையான கம்பியை வேறு சுரங்கத்துக் கல்லில் பசை வைத்து ஒட்டுபவர்களும் உலகச் சந்தையில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் இளைஞர்கள் இணையத்தில் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம் என்று இங்கே கேட்டுக்கொள்கிறேன். கம்பி கல்லுக்குள் நுழையும் இடத்தை லென்ஸில் பாருங்கள். பசை இருந்தால் பெரும்பாலும் புற ஊதா விளக்கில் ஒளிரும்.

இனி, என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். தாது ஆய்வுப் பணியில் பல நாடுகளுக்குச் சென்று வந்த பெரியவர் ஒருவர் தென்சென்னையில் வாழ்ந்து அண்மையில் காலமானார். தம் பணிக்காலம் முழுவதும் சென்ற இடங்களில் கேட்டு வாங்கிய மாதிரிகளை அவர் தேக்குப் பீரோவில், ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டைப் பெட்டியில், தம் கையெழுத்துச் சீட்டுடன் அடுக்கி வைத்திருந்தார். சாக்சனி, போஹீமியா, மெக்ஸிகோவின் பதோபிலாஸ், கனடாவின் கோபால்ட் என்று வெள்ளி வரலாற்றின் பெயர்களெல்லாம் அந்தச் சீட்டுகளில் இருந்தன. வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசரத்தில் பிள்ளைகள் கற்களைத் தனியாகவும் சீட்டுகளைப் பழைய செய்தித்தாளோடும் பிரித்துவிட்டார்கள். வெள்ளி தெரிந்த துண்டுகள் நகரில் ஒரு கடைக்குப் போயின. கடைக்காரர் கல்லைத் தட்டி உதிர்த்து, உலோகத்தை மட்டும் எடைக்கு எடுத்துக்கொண்டார். செய்தி எட்டி நான் போய்ச் சேர்ந்தபோது, உதிர்த்த கால்சைட் தூளும் வெள்ளித் துணுக்குகளும் ஒரு பித்தளைத் தட்டில் இருந்தன. பதோபிலாஸ் மாதிரியின் மீன்முள் போன்ற படிகக் கிளை ஒன்று மட்டும் இரண்டாக முறிந்து அந்தத் தூளுக்குள் கிடந்தது. அந்தக் குடும்பத்தாரையோ கடைக்காரரையோ நான் குற்றம் சொல்லவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று பொறுப்பாகச் சொல்லும் ஓர் இடத்தை என்னால் அன்று காட்டியிருக்க முடியாது. என் மனத்தை அறுப்பது இதுதான். நிலவியல் பாடம் நிறுத்தப்பட்ட ஒரு கல்லூரியில் மாதிரி அலமாரிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட, மழைச் சாரலில் சீட்டுகள் ஊறிச் செல்லரித்துப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் கற்களைச் சேர்த்து வைப்பதில் சென்னைக்கு இருக்கும் வரலாறு சிறியதன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் பிறந்ததே கற்களைக் கொண்டுதான். மதராஸ் இலக்கியச் சங்கம் வைத்திருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் சேகரிப்பு. எட்வர்ட் பால்ஃபோர் அதன் முதல் பொறுப்பாளர். சிலைகளும் செப்புத் திருமேனிகளும் அங்கு வந்து சேர்ந்தது பிற்பாடு. பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக இன்று போற்றப்படுகிறது. மாநிலக் கல்லூரியிலும் பல்கலைக்கழகங்களிலும் நிலவியல் துறைகள் தலைமுறைகளாக இயங்குகின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் இங்கே அலுவலகம் இருக்கிறது. ஆளும் அறிவும் உள்ள நகரில், தனி வீட்டுப் பீரோவிலிருந்து பொதுச் சேகரிப்புக்குக் கல் வந்து சேரும் வழி மட்டும் தெளிவாக இல்லை.

வழி அமைப்பது பெரிய செலவில்லை. மாதிரி கொடுக்க விரும்புவோர் யாரைத் தொடர்புகொள்வது என்று ஒரு தொலைபேசி எண்ணும், வந்ததைப் பதிவேட்டில் ஏற்றிப் படம் எடுத்து எண்ணிட முதுநிலை மாணவர் இருவர் மூவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். சென்னையின் காற்றுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். கூவமும் கழிவுநீர்க் கால்வாய்களும் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைக் கறுக்க வைக்கிறது. கடற்கரைக் காற்றின் ஈரம் அதற்குத் துணை. சுரங்கத்து வெள்ளியையும் இந்தக் காற்று விட்டுவைக்காது. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் சிறிது கிளர்வுற்ற கரியும் வைத்தால் நெடுநாள் தாங்கும். ரப்பர் பேண்டு போடுவதும் கம்பளித் துணியில் சுற்றுவதும் கூடவே கூடாது; இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. பஞ்சில் வைத்தால் இழைகள் கம்பியில் சிக்கி, எடுக்கும்போது ஒடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விபூதியோ பல்பொடியோ புளியோ போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று இல்லத்தரசியரை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். புளியின் அமிலம் கால்சைட்டை அரிக்கும். பல சமயம் அந்தக் கறுப்பு அழுக்கே அன்று; வெள்ளியின் மேல் இயற்கையாக விளைந்த, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த அகாந்தைட் என்னும் தனிக் கனிமம். 173 பாகை செல்சியஸுக்கு மேல் கனசதுரமாகப் படிகமாகி, குளிர்ந்தபின் உள்ளமைப்பு மட்டும் மாறி, பழைய வெளியுருவத்தோடு நிற்கும் அகாந்தைட் படிகங்கள் உண்டு. அந்த நரம்பு எந்த வெப்பத்தில் உருவானது என்பதை அவற்றின் வடிவமே நமக்குச் சொல்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கியவர் அந்தச் சான்றையும் தேய்த்துவிடுகிறார்.

வெளிநாட்டுக் கற்களுக்காக மட்டும் நான் பேசவில்லை. இந்தியாவின் வெள்ளி பெரும்பாலும் ராஜஸ்தானத்து ஈய, துத்தநாகத் தாதுக்களிலிருந்து வருகிறது. அங்குள்ள ஜாவரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய வேலைத்தளத்து மாதிரிகள் எத்தனை நம் மாணவர் கண்ணில் பட்டிருக்கின்றன? கோலார் தங்கவயலில் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். 2001-இல் அது மூடப்பட்டபின் அங்கிருந்து சென்னை வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டு அலமாரிகளில் தாத்தா கொண்டுவந்த தாதுக் கல் ஒன்றாவது இருக்கும். அந்தக் கல் எந்த ஷாஃப்டில் எடுத்தது என்று சொல்லக்கூடிய முதியவர் உயிருடன் இருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுமாறு அக்குடும்பத்து இளையோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மத்திய சுரங்க அமைச்சகம் 2022-இல் நிலவியல் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் பாதுகாப்பதற்கான சட்ட வரைவு ஒன்றைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. பாறை, கனிமம், விண்கல், தொல்லுயிர்ப் படிமம் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன. சட்டம் தன் வேகத்தில் வரட்டும். பொழுதுபோக்காகச் சேர்ப்பவரைக் குற்றவாளியாக்காமல், பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் பிற்காலத்தில் பொது நிறுவனத்துக்கு அளிக்கவும் ஊக்குவிப்பதாக அது அமைய வேண்டும் என்பது என் கருத்து. ஃப்ரைபெர்க் நகரின் ஃப்ராய்டென்ஸ்டைன் கோட்டையில் 2008 முதல் மக்கள் பார்த்து வியக்கும் மாபெரும் கனிமக் காட்சி, தனியொருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்து அந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்ததே. நம் நாட்டிலும் நாசிக்கை அடுத்த சின்னாரில் உள்ள கார்கோட்டி கனிம அருங்காட்சியகம் தனியார் முயற்சியில் உருவானதுதான்.

ஆகவே, அரசு அருங்காட்சியகமும் நகரின் நிலவியல் துறைகளும் கூடிப் பேசி, கனிம மாதிரிகளைக் கொடையாகப் பெறுவதற்கு ஒரு பொது முகவரியை அறிவிக்க வேண்டுகிறேன். முதல் கொடையாக என்னிடமுள்ள வெள்ளிக் கனிமங்கள் அனைத்தையும் சீட்டுகளோடும் பதிவேட்டோடும் அளிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அந்த முகவரி வரும்வரையில் வெள்ளி வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லோடு ஒட்டிய வெள்ளியோ, கம்பியும் கிளையுமாக வளர்ந்த வெள்ளியோ தங்கள் தராசுக்கு வந்தால், தட்டி உதிர்க்கும் முன், கொண்டுவந்தவரிடம் அதனோடு ஒரு சீட்டு இருந்ததா என்று கேளுங்கள், அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் ஆசிரியர் ஒருவருக்குக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்புங்கள். உரியவருக்கு எடைக்கு உண்டான தொகையைக் கொடுத்து மாதிரியை வாங்கிக்கொள்ளச் சேர்ப்போர் பலர் இந்நகரில் முன்வருவார்கள் என்பதால் யாருக்கும் நட்டம் வராது. தாங்கள் இக்கடிதத்தோடு ஒரு கம்பி வெள்ளி மாதிரியின் படத்தையும் வெளியிட்டால், கடையில் அதைப் பார்ப்பவர்கள் அடையாளம் கண்டுகொள்ள உதவியாக இருக்கும். படத்தைத் தனியே அனுப்பியுள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நிலவியல் விரிவுரையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை.